இடது சக்கரம்

டிரைவிங் ஸ்கூல் காரில் ஐந்து பெடல்கள் இருக்கும். பழகுகிறவர் காலடியில் மூன்று: கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இரண்டு: இன்னொரு கிளட்ச், இன்னொரு பிரேக். இந்த இரட்டைக் கட்டுப்பாடு இல்லாத காரை வைத்துப் பயிற்சிப் பள்ளி நடத்தக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. நியாயமான விதிதான். அந்தக் காரில் 21 நாள் ஓட்டினேன். டெஸ்டில் தேறினேன். டிஎன் 63 என்று தொடங்கும் எண்ணோடு உரிமம் வீடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் எங்கள் சொந்தக் காரில் தனியாக உட்கார்ந்து, எங்கள் தெருமுனையில் பிரேக்கை மிதித்தபோதுதான் புரிந்தது, அந்த 21 நாளும் யார் கால் பிரேக்கில் இருந்தது என்பது எனக்குத் தெரியாது என்று.

வண்டி முகம் குப்புற விழுவதுபோல் நின்றது. பின்சீட்டில் இருந்த தண்ணீர்க் குடம் சரிந்து தரையெல்லாம் ஈரம். நான் மிதித்த அளவு அதிகம். ஸ்கூல் வண்டியில் இப்படி ஒரு நாளும் ஆனதில்லை. "நிதானம், நிதானம்" என்று மாஸ்டர் சொல்வார், வண்டி பூப்போல நிற்கும். நான்தான் நிறுத்தினேன் என்று நினைத்திருந்தேன். என் கால் பெடலைத் தொடும்போதே அவர் கால் முக்கால் வேலையை முடித்திருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை. வேறு உயிர்கள் நடமாடும் சாலையில் ஒரு புதியவளைக் கூட்டிப்போகிற மனிதர் வேறு என்ன செய்வார்? ஆனாலும் அவருடைய பிரேக்கையும் சேர்த்து என்னுடைய தேர்ச்சி என்று நான் கணக்கு எழுதி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு சில வாரம் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். இருபது வருஷமாக ஓட்டுகிறவர், பொறுமையானவர், ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. ஆனால் அவருடைய வலது கால் தரைவிரிப்பை மிதித்துக்கொண்டே இருந்தது. எதிரே ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்தால் அந்தக் கால் அழுந்தும். நாய் குறுக்கே வந்தால் அழுந்தும். மெல்ல மெல்ல நான் சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் காலைப் பார்க்கத் தொடங்கினேன். அது அழுந்தினால் என் கால் பிரேக்குக்குப் போகும். அழுந்தாவிட்டால் எல்லாம் சரி. ஒரு மாதம் கழித்து யோசித்துப் பார்த்தால், நான் கார் ஓட்டப் பழகியிருக்கவில்லை, அவரைப் படிக்கப் பழகியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை இரவு, "நாளைக்கு நான் மட்டும் போயிட்டு வரேங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சாவியை எடுத்து டிவி மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் உரிமம் கைக்கு வந்த பிறகுதான் செய்தேன். பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் தனியாக ஓட்டக் கூடாது. உரிமம் உள்ள ஒருவர், வண்டியை உடனே நிறுத்தக்கூடிய இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பதினான்கு பதினைந்து வயதுப் பையன்களிடம் அப்பாவே வண்டியைக் கொடுத்து, "பொட்டல்ல போய் ஒரு சுத்து சுத்திட்டு வாடா" என்று அனுப்புவதைப் பார்க்கிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குப் பெற்றவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சட்டம் கிடக்கட்டும், அந்தப் பொட்டலில் ஆடு மேய்க்கிற கிழவிக்கு என்ன ஆகும் என்று யாராவது நினைக்க வேண்டாமா? தனியாகப் பழகுவதைப் பற்றி நான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் யாரோடாவது சேர்ந்து பழகி முடித்திருக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது பள்ளத்தூரில். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது, அதைச் சொல்லும்போதே மனசு சங்கடப்படுகிறது. செட்டிநாடு முன்பு 96 ஊர், இன்று எழுபத்துச் சொச்சம். பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர், ஆத்தங்குடி, தேவகோட்டை என்று எதற்குள் போனாலும் தெருக்கள் நூல் பிடித்ததுபோல நேராக ஓடும், ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடி ஊருணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வாட்டம் பார்த்துப் போட்ட தெருக்கள். ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருந்தால், வளவும் இரண்டாங்கட்டும் சமையற்கட்டும் தாண்டிக் கொல்லைவாசல் அடுத்த தெருவில் திறக்கும். இந்த ஊர்க்காரர்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திச் சம்பாதித்த பணம் இங்கே சுண்ணாம்பாகவும் தேக்காகவும் வந்து நின்றது. பிறகு யுத்தம் வந்தது. ரங்கூன் 1942-இல் ஜப்பான் கைக்குப் போனது. பிள்ளைகள் சென்னைக்கும் அதற்கு அப்பாலும் போனார்கள். இன்று பாதி வீடுகளில் பூட்டு. கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் கதவு திறக்கும், பந்தல் போடுவார்கள், நாலு நாள் தெருவெல்லாம் கார் நிற்கும், மறுபடி பூட்டிவிடுவார்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அந்தத் தெருக்களில்தான் சுற்றினேன். முதல் கியர், இரண்டாவது கியர், இடது பக்கம் திருப்பம், நிறுத்தம். மறுபடி முதல் கியர். ஒரு பெரிய வீட்டு வாசலில் காவலுக்கு இருக்கும் ஐயா ஒருவர் நான்காவது சுற்றில் திண்ணையைவிட்டு இறங்கி வந்தார்.

"என்னத்தா, எதையும் தொலச்சிட்டியா?"

"இல்லைங்கய்யா, கார் பழகுறேன்."

"பழகு, பழகு. இந்தத் தெருவுல எதுக்க வர ஆளில்ல." கொஞ்சம் நின்றார். "நான் சின்னப் பயலா இருக்கையில ஒரு பிளசர் காரு வந்தா போதும், இந்தத் தெரு முச்சூடும் நாங்க பின்னாலயே ஓடுவோம்."

அதன்பின் அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்தேன். ஊர் நிறைய ஆள் இருப்பார்கள் என்று நம்பி அகலமாகப் போட்ட தெரு அது. இன்று அதன் வெறுமையில் நான் ஒருத்தி கிளட்ச் பழகுகிறேன். யாரோ விட்டுப்போன இடத்தில்தான் எனக்குத் தவறு செய்ய இடம் கிடைத்தது.

எங்கள் பக்கத்தில் 'கார் கற்றுக்கொள்கிறேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'கார் பழகுறேன்' என்பார்கள். அரசுத் தாளிலும் 'பழகுநர் உரிமம்' என்றே இருக்கிறது. புது மனிதரோடு பழகுகிறோம், புது ஊரோடு பழகுகிறோம், கன்றை வண்டிக்குப் பழக்குகிறோம். சிவகங்கைச் சீமையில் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு மாடு பழக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் ஆளில்லாத சாலையில் ஒற்றை வண்டியை ஓட்டிப் போவார்கள். போட்டி கிடையாது, கைதட்டல் கிடையாது. மாடு தன் மூச்சுக்கும் நுகத்தடியின் கனத்துக்கும் பழக வேண்டும், அவ்வளவுதான். மாட்டிடம் ஒரு நன்மை உண்டு. அதுவும் நம்மோடு பழகும். சந்தை முடிந்து வண்டிக்காரர் தூங்கிவிட்டாலும் மாடு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். கார் பழகாது. இரண்டு பேருக்கும் சேர்த்து நாமே பழக வேண்டும்.

பழகுவதிலேயே எனக்குக் கடினமாக இருந்தது இடது பக்கம். நம் கார்களில் ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்காருகிறார். வலது சக்கரம் எங்கே போகிறது என்பது உடம்புக்கே தெரியும். இடது சக்கரம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவான தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. கோலத்தின்மேல் ஏறுகிறதா, சாக்கடை ஓரத்தில் இறங்குகிறதா, சைக்கிளில் போகிறவரை உரசுகிறதா என்று எதுவும் தெரியாது. பயந்து வலப்பக்கம் ஒதுங்கினால் எதிரே வருகிறவருக்கு இடம் இருக்காது. மாஸ்டர், "லெஃப்ட்ல ஒரு முழம் இடமிருக்கு, போங்க" என்பார். அந்த ஒரு முழத்தை அவர் அளந்தார். நான் நம்பினேன்.

ஒரு வாரம் வீட்டில் தேங்காய் துருவிய கொட்டாங்கச்சியெல்லாம் சேர்த்துவைத்தேன். பக்கத்து வீடுகளிலும் கேட்டு வாங்கினேன். ஊருக்கு வெளியே, சீமைக்கருவேலம் சுற்றி நிற்கும் ஒரு செம்மண் பொட்டல் உண்டு. அங்கே காரை நிறுத்திவிட்டு, பத்தடிக்கு ஒன்றாக ஏழு கொட்டாங்கச்சிகளை ஒரே வரிசையில் கவிழ்த்துவைத்தேன். இடது முன்சக்கரம் ஒவ்வொன்றின்மேலும் ஏற வேண்டும். கண்ணாடியை இறக்கிவிட்டு முதல் கியரில் போனேன். ஒரு சத்தமும் இல்லை. இறங்கிப் பார்த்தால் ஏழும் அப்படியே இருக்கின்றன. சக்கரத் தடம் அவற்றுக்கு வலப்பக்கத்தில் ஒரு சாண் தள்ளிப் போயிருக்கிறது. மறுபடி போனேன். இந்த முறை இடப்பக்கம் தள்ளி. மறுபடி. ஒவ்வொரு முறையும் இறங்கி, தடத்துக்கும் கொட்டாங்கச்சிக்கும் நடுவே கையை விரித்து அளந்தேன். என் வாழ்நாளில் என் தவறை இவ்வளவு துல்லியமாக, இவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் தவறு நடக்கும் முன்பே ஒரு குரல் வந்து அதைத் தடுத்துவிடும். அல்லது நடந்த பிறகு ஒரு பெருமூச்சு வரும். இங்கே செம்மண்ணில் ஒரு கோடும் அதற்கு ஒரு சாண் தள்ளி ஒரு கொட்டாங்கச்சியும் மட்டும் இருந்தன.

பன்னிரண்டாவது முறையோ பதின்மூன்றாவது முறையோ, 'மொறுக்' என்று கேட்டது. அந்தச் சத்தம் காதில் விழும் முன்பே பாதத்தில் தெரிந்தது. ஸ்டீயரிங் வளையத்தில் லேசாக ஓர் அதிர்வு. ஆ, அங்கே இருக்கிறாயா என்று சொல்லத் தோன்றியது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஏழில் ஐந்து உடைந்தன. முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் கிளம்பும் இடத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கம் ஒரு புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளியும் கொட்டாங்கச்சியும் என் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் சக்கரம் அதன்மேல் ஏறும். இந்தப் புள்ளியை எனக்கு யாராலும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. என் உயரம், என் சீட்டின் தூரம், நான் சாய்ந்து உட்காரும் விதம் எல்லாம் சேர்ந்த புள்ளி அது. வீட்டுக்காரர் அந்த சீட்டில் உட்கார்ந்தால் அவருக்கு அது வேறு இடத்தில் இருக்கும்.

இன்னொரு ஞாயிறு காரை எடுக்காமல் நடந்தே போனேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் வண்டி 11 மீட்டர் போய்விடும். காய்ந்த தார்ச்சாலையில் அழுத்தி மிதித்தாலும் நிற்க மேலும் ஒன்பது மீட்டராவது வேண்டும். மொத்தம் 20 மீட்டர். காவல்கார ஐயா இருக்கும் வீட்டின் முதல் தூணிலிருந்து எட்டு வைத்து எண்ணினேன். பதினைந்தாவது எட்டில் வாசற்படி தாண்டியது, அதுவரைக்கும் கால் பிரேக்கைத் தொட்டிருக்காது. இருபத்தேழாவது எட்டில் அடுத்த வீட்டுச் சுவரே வந்துவிட்டது. இந்தத் தெருவில் எத்தனை தரம் 40-இல் போயிருக்கிறேன். படி இறங்கி ஒரு குழந்தை ஓடிவந்திருந்தால்? திரும்பி நடக்கும்போது கை சில்லிட்டிருந்தது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் 20-க்கு மேல் போவதில்லை. வேகமானி முள்ளைப் பார்த்து அல்ல, அந்த இருபத்தேழு எட்டை நினைத்து.

தனியாகப் பழகுவதைப் பற்றி யோசித்தால் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருகிறார். எங்களுக்குப் பக்கத்து ஊர் கோட்டையூர். அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர். காரைக்குடியைக் கல்லூரிகளின் ஊராக்கியவர் என்றுதான் அவரை எல்லோரும் அறிவார்கள். இளைஞராக லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவர், அங்கே குராய்டன் விமானத் தளத்தில் விமானம் ஓட்டவும் பழகிச் சான்றிதழ் பெற்றார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ஊரிலிருந்து போன ஒருவர்! விமானப் பயிற்சியில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பறந்து கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் தரையிறங்கியதும் ஆசிரியர் கதவைத் திறந்து இறங்கிவிடுவார். "இனி நீ மட்டும் ஒரு சுற்றுப் போய்விட்டு வா" என்பார். அதற்கு 'சோலோ' என்று பெயர். அந்த நாளைப் பயிற்சிக் குறிப்பேட்டில் தனியே எழுதுவார்கள். இறங்கி வந்தவர் தலையில் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுகிற பழக்கமும் உண்டு. தனியாகப் பறந்த மணிக்கணக்கு தனி, சேர்ந்து பறந்த மணிக்கணக்கு தனி. தனியாகப் பறந்த கணக்கு இல்லாமல் உரிமம் கிடையாது.

காரில் அப்படி ஒரு நாள் இல்லை. ஆசிரியர் இறங்குவதைப் பார்த்தவர் யாரும் இல்லை. உரிமம் தபாலில் வருகிறது, 'எல்' ஸ்டிக்கரைக் கிழிக்கிறோம், அடுத்த நாளிலிருந்து முப்பது வருஷம் ஓட்டினவருக்கும் நமக்கும் சாலையில் ஒரு வேற்றுமையும் இல்லை. ஆனால் வேற்றுமை இருக்கிறது. பக்கத்தில் ஆளோடு பழகும் காலத்தில் விபத்து மிகக் குறைவு, உரிமம் வாங்கித் தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் மிக அதிகம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதற்கேற்றபடி சில நாடுகள் நடந்துகொள்கின்றன. ஜப்பானில் 1972-லிருந்து, புதிதாக உரிமம் பெற்றவர் ஓராண்டுக்கு வண்டியில் மஞ்சளும் பச்சையுமான ஓர் இளந்தளிர்க் குறியை ஒட்டிக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்தால் மற்றவர்கள் இடம் விடுவார்கள். சிட்னியில் இருக்கும் தோழியின் மகள் அங்கே உரிமம் வாங்கும் முன் 120 மணி நேரம் பெரியவர் ஒருவரோடு ஓட்டிக் கையேட்டில் எழுதினாள். அதில் 20 மணி நேரம் இரவில். அதற்குப் பிறகும் சிவப்பு 'பி' அட்டை. நம் விதியில் பள்ளி தர வேண்டிய ஓட்டம் குறைந்தது பத்து மணி நேரம். இந்தப் பத்துக்கும் அந்த 120-க்கும் நடுவிலுள்ள தூரத்தை நம் ஊரில் ஒவ்வொருவரும் நெடுஞ்சாலையிலேயே கடக்கிறோம், மற்றவர் உயிரின் மேல். அந்தத் தளிர்க் குறியை நாமும் வைத்துக்கொள்ளலாம். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. நான் என் காரின் பின்கண்ணாடியில் 'புதிதாக ஓட்டுகிறேன்' என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பின்னால் வரும் மினிபஸ்காரர்கள்கூட ஹாரனை ஒரு தரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அடுத்தது ஏற்றம். எங்கள் ஊர்ப் பக்கம் தரை சமதளம். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கப் பழக வேண்டுமென்றால் ரயில்வே மேம்பாலத்துக்குப் போக வேண்டும், அங்கே பின்னால் லாரி நிற்கும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. வேறு எங்கே ஏற்றம்? இந்தச் சீமையில் மனிதர் கையால் எழுப்பிய உயரம் என்றால் அது கண்மாய்க் கரைதான். பொட்டலைத் தாண்டி, கண்மாய்க் கரைமேல் வண்டி ஏற ஒரு சரிவுப் பாதை இருக்கிறது. டிராக்டர்கள் போய்ப் போய்க் கெட்டிப்பட்ட பாதை. அதன் நடுவில் நிறுத்தினேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் உருளும். எடுக்காவிட்டால் நகராது. கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட்டுக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் இன்ஜினின் குரல் தணியும், வண்டியின் மூக்கு கொஞ்சம் நிமிரும். அதுதான் ஆஃப் கிளட்ச். அந்த இடத்தில் காலை நிறுத்திவிட்டால், பிரேக்கை விட்டாலும் வண்டி நிற்கும். முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது.

முதல் காலையில் எத்தனை முறை அணைந்தது என்று எண்ணவில்லை. கரைமேல் ஆடு ஓட்டி வந்த பெண் ஒருத்தி ஆடுகளை ஓரம் கட்டி நிறுத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். பிறகு அவளே, "அக்கா, நீங்க ஏறுங்க, நான் இருக்கேன்" என்றாள். அவளால் எனக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் அந்தச் சொல் இதமாக இருந்தது.

அங்கே சரிவில் நின்றுகொண்டிருந்தபோது எனக்குத் தேர் ஞாபகம் வந்தது. காரைக்குடியில் கொப்புடைய நாயகி அம்மன் தேரோட்டத்தைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். நாம் எல்லோரும் வடத்தைப் பார்ப்போம், வடம் இழுக்கிறவர்களைப் பார்ப்போம், மேலே அம்மனைப் பார்ப்போம். சக்கரத்தை ஒட்டி முட்டுக்கட்டையோடு குனிந்தபடி நடக்கும் ஆட்களை யார் பார்க்கிறார்கள்? வடம் இழுக்கிறவர்களால் தேரை நகர்த்தத்தான் முடியும். எந்தச் சக்கரத்தில், எந்தக் கோணத்தில், எந்த நேரத்தில் கட்டையைக் கொடுக்கிறார்களோ அதைப் பொறுத்துத்தான் தேர் திரும்பும், தணியும், நிலைக்கு வந்து நிற்கும். பேச்சில் 'முட்டுக்கட்டை போடாதே' என்று வசவாகச் சொல்கிறோம். அந்தச் சொல் எனக்கு இப்போது வசவாகப் படுவதில்லை. அத்தனை பெரிய தேர் கூட்டத்துக்குள் போய் ஒரு குழந்தையின் கால்கூட நசுங்காமல் திரும்பி வருவது அந்தக் கட்டைகளால். கட்டையைக் கொடுக்கிறவரின் கைக்குத் தேரின் கனம் தெரியும். அந்தக் கனம் கிளட்ச் வழியாக முதல் முறையாக என் இடது பாதத்துக்கு வந்தது, கண்மாய்க் கரைச் சரிவில்.

தனியாகப் பழகிய இன்னொருவர் என் சித்தி. அரிமளம் பக்கம் இருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டம், ஆனால் எங்களுக்குப் பக்கம்தான். 1991-இல் அங்கே எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்கள் கையில் கொடுத்தார். 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு போனதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் போதாமல் பலர் நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டினார்கள். அடுத்த ஆண்டு, 1993-இல், கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த எம். வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அந்த வருஷங்களில் எனக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது. சித்திக்கு முப்பதுக்குள்.

சித்தி பழகியது சித்தப்பாவின் பார் வைத்த சைக்கிளில். சேலையோடு அதில் தரையிலிருந்து ஏற முடியவில்லை. ஓடைப் பாலத்தின் பாலக்கட்டையில் ஏறி நின்று, சைக்கிளை அதன்மேல் சாய்த்துக் காலைத் தூக்கிப் போட்டு உட்காருவாராம். "ஏறியாச்சு, போயாச்சு. எறங்கணும்னா அடுத்த பாலக்கட்டை வரணும்ல" என்பார். அடுத்த பாலக்கட்டை முக்கால் மைல். நடுவில் நிற்கவே முடியாது. நிலா வெளிச்சத்தில், ஊர் அடங்கிய பிறகு, இந்தப் பாலத்திலிருந்து அந்தப் பாலத்துக்கும் அங்கிருந்து இங்கேயும் தனியாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். பகலில் பழக ஆள் இருந்தது, முகாம் இருந்தது, சொல்லிக்கொடுக்கச் சின்னப் பெண்கள் இருந்தார்கள். "அவுக புடிச்சுக்கிட்டு வரையில நல்லாத்தான் இருந்துச்சு. ராத்திரி பழகுனதுதான் நின்னுச்சு" என்றார். நான் அப்போது இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன தை மாதம் சித்திக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். மறுபார்வைக்குப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸில் போகக் கூடாது, தூசி. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. "நான் வரேன் சித்தி, காரில" என்றேன். "வா" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை.

அரிமளத்திலிருந்து கிளம்பும்போது காலை ஏழரை. சித்தி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். குறுகிய சாலை, எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர். இடப்பக்கம் ஒதுங்கினேன். ஓரத்தில் மண் சரிந்த பள்ளம். வைப்பர் அடியில் என் புள்ளியைப் பார்த்தேன், சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. டிராக்டர் கண்ணாடியோரம் வைக்கோல் உரசக் கடந்து போனது. அப்போதுதான் எனக்குத் திடீரென்று நினைவு வந்து, சித்தியின் கால்களைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கொய்யாப்பழம்.

"அந்தா தெரியுது பாரு" என்றார், கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு. வெள்ளையடித்த சின்னப் பாலக்கட்டை ஒன்று வந்தது. "அதுலதான் ஏறுவேன்."

வேகத்தைக் குறைத்தேன்.

"நிறுத்தவா சித்தி?"

"வேணாம், போ."